மலையேறாத தைப்பூசம்

கையில் தேங்காய். முழங்கால் வரை பனி. எனக்கு முன்னால் என் மகள் தாரணி, பனி அள்ளும் மடக்குச் சவலால் குழி தோண்டிக்கொண்டிருக்கிறாள்.

குழி என்றால் சும்மா குழி இல்லை. சவலின் பின்பக்கத்தால் வழித்து வழித்து, புது வீட்டுச் சுவருக்குச் சீமெந்து பூசுகிறவர்களைப் போல அதன் பக்கங்களை நேராக்குகிறாள். நான் வந்தது மலை ஏறுவதற்கு. அவளோ கீழே கீழே போய்க்கொண்டிருக்கிறாள்.

“பிள்ளை, வெயில் ஏறுது. போவமே?”

“பொறுங்கோ அப்பா.”

இந்தப் “பொறுங்கோ”வைத்தான் கிழமைக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் பொறுங்கோ, ரெயினில் ஏறும்போது பொறுங்கோ, காரை நிறுத்திய பிறகும் பொறுங்கோ. பெற்ற பிள்ளையிடம் இத்தனை தரம் பொறுத்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்றைக்குத் தைப்பூசம். என் முதுகுப் பையில் சுடுதண்ணிப் போத்தலுக்குள் பால் இருந்தது. விபூதி, சந்தனம், கற்பூரம், பழம் எல்லாம் பவளம் தனித்தனியாகச் சுற்றித் தந்திருந்தாள். பவளம் என் மனைவி. தலைக்கு மேலே, மரங்கள் முடிகிற இடத்துக்கு அப்பால், வெள்ளை வேட்டியை உலரப் போட்டதுபோல ஒரு சரிவு. அதைக் கடந்தால் மலையின் முடி. அங்கே பால் வைத்தால் என் நேர்த்திக்கடன் முடியும். பாதை என் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மகளின் கண்ணுக்கு மட்டும் அங்கே பாதையே இல்லை.

போன கிழமை இந்தப் பத்தியில் கடையின் பலாப்பழக் கதையை எழுதி முடித்தபோது பவளம்தான் சொன்னாள்: “ஏறாத மலையைப் பற்றியும் எழுதுங்கோ. சனம் சிரிக்கட்டும்.” அவளுக்கு அது சிரிப்பு. எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வாய் சொன்னது

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மரக்கறிக் கடையொன்றில் வேலை செய்கிறேன் என்று முன்னமே எழுதியிருக்கிறேன். முருங்கைக்காய்ப் பெட்டி, கறிவேப்பிலைப் பொதி, வெள்ளிக்கிழமைகளில் வாழையிலை, இவைதான் என் உலகம். அந்த உலகத்துக்குள்ளிருந்து ஒருநாள் ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பவளத்தின் வயிற்றில் ஒரு கட்டி. வெட்டி எடுக்கவேண்டும் என்றார்கள்.

உள்ளே இருக்க முடியவில்லை. அந்த ஆஸ்பத்திரி மணம் எனக்கு ஒத்துவராது. வெளியே வந்து, தூண்களுக்கு மேலே மெத்ரோ ஓடுகிற அந்தத் தெருவில் நின்றேன். ரெயின் போகும்போது காலுக்குக் கீழே நிலம் அதிரும். அந்த அதிர்வுக்குள் என் வாய் சொன்னது:

“முருகா, இவளைத் திருப்பித் தா. மலை ஏறி வந்து உனக்குப் பால் வைக்கிறன்.”

ஏன் மலை என்று சொன்னேன்? இன்றைக்கும் தெரியாது. புறநகர் ஸ்தேனில் நான்காம் மாடியில் இருக்கிறவனுக்கு, லிஃப்ற் பழுதானால் அதுவே மலை. பால்குடம் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அங்கப்பிரதட்சணம் என்று சொல்லியிருக்கலாம். வாய் மலை என்று சொல்லிவிட்டது. சாமிக்குச் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க ஏலாது.

பவளம் பிழைத்து வந்தாள். மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “அடுப்பை நூத்திட்டோ வந்தனியள்?” என்பது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, முருகன் அவளை முழுதாகத்தான் திருப்பித் தந்திருக்கிறான் என்று.

ஆனால் டொக்டர் ஒன்று சொல்லி விட்டார். மாசி கழிய இன்னொரு தரம் ஸ்கான் படம் எடுத்துப் பார்க்கவேண்டுமாம். கட்டி திரும்பி வந்திருக்கிறதா இல்லையா என்று அப்போதுதான் தெரியுமாம். அந்தப் படத்துக்கு முன்னால் என் நேர்த்தி முடிந்திருக்கவேண்டும். கடனை வைத்துக்கொண்டு சாமியிடம் அடுத்ததைக் கேட்க எனக்கு முகம் இல்லை. வாசிக்கிறவர்கள் இதைச் சின்ன விசயமென்று நினைத்தால், ஆஸ்பத்திரி வாசலில் நிற்காத புண்ணியவான்கள் என்று நான் சந்தோசப்படுவேன்.

சிவநேசண்ணையின் தீர்ப்பு

எங்கள் கடைக்குப் பக்கத்தில் பூசைச் சாமான் விற்கும் கடை. அங்கே மாலை கட்டுகிறவர் சிவநேசண்ணை. லா சப்பலில் எவருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரிடம் பதில் இருக்கும். சந்தேகம் இல்லாதவர்களுக்கும் இருக்கும்.

“தம்பி, முருகனுக்கு மலையெண்டா அது தைப்பூசம்தான். வேற நாளே இல்லை. நான் மலேசியாவுக்குப் போய் என்ர ரெண்டு கண்ணாலும் பாத்தனான்.”

“அண்ணை, அங்கை வெயில். இஞ்சை தையிலை மலை முழுக்கப் பனியெல்லோ?”

“முருகன் குளிருக்குப் பயந்தவரே?”

சொன்னவர், புரட்டாதி பிறந்ததும் இரண்டு கம்பளித் தொப்பி போடுகிறவர். கடைக் கதவை யாராவது திறந்து வைத்தால் வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர்.

எனக்கு மனம் ஆறவில்லை என்று கண்டதும், “பூக் கட்டிப் பாப்பம்” என்றார். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் ஒரேமாதிரிக் கடதாசியில் சுற்றிக் கடையில் இருந்த முருகன் படத்துக்கு முன்னால் போட்டார். வெள்ளை வந்தால் போகலாம். நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். வெள்ளை.

“பாத்தியே! உத்தரவு. இனி ஒரு கதையும் இல்லை.”

அப்படியே ஓடிப்போய் மகள் இருக்கும் ஊருக்கு ரெயின் ரிக்கெற் எடுத்தேன்.

ஐந்தில் மூன்று சித்திதானே?

தாரணி மலைகள் சூழ்ந்த கிறெனோபிளில் உடற்பயிற்சி வைத்தியம் செய்கிறாள். சனி, ஞாயிறில் வீட்டில் படுத்துத் தூங்குகிறாள் என்றுதான் நெடுங்காலமாக நம்பியிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, பிள்ளை சிநேகிதர்களோடு பனிச்சறுக்குக் கட்டையைக் காலில் கட்டிக்கொண்டு, ரோப் கார் இல்லாத, ஆளில்லாத மலைகளில் ஏறி இறங்குகிறாள் என்று. அந்த எரிச்சலைத் தனியாக ஒரு கிழமை எழுதலாம்.

நேர்த்தியைச் சொன்னதும், “வடிவான மலை ஒண்டு இருக்கு அப்பா, நான் கூட்டிக்கொண்டு போறன்” என்று அவளே குதித்தாள். திகதியைச் சொன்னதும் குதிப்பு நின்றது.

“பனி எப்பிடி இருக்கெண்டு பாத்துத்தான் சொல்லுவன்.”

அங்கே ஒவ்வொரு பின்னேரமும் பனி அறிக்கை வருமாம். எந்த மலைத்தொடரில் பனிச்சரிவு ஆபத்து எவ்வளவு என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை இலக்கம் போடுவார்களாம். தைப்பூசத்துக்கு முந்திய நாட்களில் பனி கொட்டியது, காற்றும் அடித்தது. இலக்கம் நாலுக்குப் போய் மூன்றுக்கு இறங்கி, அங்கேயே குந்திவிட்டது.

“ஐஞ்சிலை மூண்டெண்டா பள்ளிக்கூடத்திலையே சித்தி எண்டு பாஸ் போடுவினம், பிள்ளை.”

“அப்பா, இது சோதினை இல்லை. நாலு, ஐஞ்செண்டா ஆக்கள் பயந்து வீட்டிலை நிப்பினம். மூண்டிலைதான் ஏமாறுறவை.”

அன்றைக்குத் தைப்பூசத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தோம். பவளம் குழலில் புட்டு அவித்துக்கொண்டே தொலைபேசிப் படத்துக்குள் தலையை நீட்டினாள்.

“உந்தப் பனி ஏன் பிள்ளை சரியிது? கனத்திலேயோ?”

“அம்மா, குழல் புட்டைத் தட்டிலை தள்ளினா எங்கை உடையும்?”

“தேங்காய்ப்பூ போட்ட இடத்திலை.”

“அதுதான். மார்கழியிலை விழுந்த கொஞ்சப் பனி, குளிர் இரவுகளிலை காய்ஞ்சு சீனி மாதிரி ஒட்டாமக் கிடக்கு. அதுக்கு மேலை இப்ப காத்து கொண்டுவந்து பலகை மாதிரி இறுக்கி வைச்சிருக்கு. மேலை ஒராள் நடந்தாக் காணும், அவ்வளவு போதும். சீனிப் பனி நொறுங்க, பலகை முழுசா வழுக்கி வரும். ஆளும் அதோடை.”

பவளம் குழலைச் சாய்த்துத் தள்ளினாள். புட்டு தேங்காய்ப்பூ இடத்தில் சொன்னதுபோல் உடைந்து விழுந்தது. அவள் புட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நிம்மதியாகப் புட்டுச் சாப்பிட்ட நாள் இல்லை.

“அடுத்த கிழமை வாங்கோ அப்பா. அடிப்பனி இறுகட்டும்.”

“அடுத்த கிழமை பூசம் இல்லை. பூசம் தள்ளிப் போகாது பிள்ளை.”

“பனியும் உங்களுக்காகத் தள்ளிப் போகாது.”

கடைசியில் ஒரு சமாதானம். மரங்கள் முடிகிற இடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போவாள். அங்கே என் கண்ணுக்கு முன்னால் தோண்டித் தட்டிப் பார்ப்பாள். பனி உடைந்தால் மறுபேச்சு இல்லாமல் திரும்பவேண்டும்.

ஓம் என்றேன். எனக்கென்ன பயம்? வெள்ளைப் பூ என் பக்கம் இருந்தது.

தோளால் தட்டியும் உடையாதது

இப்போது குழிக்குத் திரும்புவோம்.

காரை விட்டு இறங்கியதுமே என் நெஞ்சில் ஒரு சின்னக் கருவியைக் கட்டிவிட்டாள். பனிக்குள் புதைந்தால், அது அனுப்பும் சமிக்ஞையை வைத்து மற்றவர் தேடுவாராம். “போனை இதுக்குக் கிட்ட வைக்காதேங்கோ” என்று என் சட்டைப் பையிலிருந்து பிடுங்கிக் காற்சட்டைப் பைக்குள் போட்டாள். உருத்திராட்சத்துக்குப் பக்கத்தில் அந்தக் கருவி பீப், பீப் என்றது. நான் சொல்லிக்கொண்டு வந்த சரவணபவ, இரண்டு தரம் அந்தப் பீப்புக்குள் குழம்பிப் போனது.

பாதை முழுக்க அவளுக்கு விரல் நீட்ட ஏதாவது இருந்தது. “அங்கை பாருங்கோ, முடியிலை புகை மாதிரிப் பறக்குது. காத்து இன்னும் பனியைத் தூக்கிக்கொண்டு போய், நாங்கள் போற சரிவிலைதான் கொட்டுது.” எனக்கு அது விபூதி அபிஷேகம் போலத்தான் தெரிந்தது. சொன்னால் சண்டை வரும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

குழிச் சுவரில் ஒரு பெட்டி அளவுக்குப் பனியைத் தனியாக அறுத்தெடுத்தாள். அதன்மேல் சவலை வைத்துத் தட்டத் தொடங்கினாள். முதலில் மணிக்கட்டை மட்டும் அசைத்து, மெல்ல. பிறகு முழங்கையிலிருந்து. கடைசியில் தோளிலிருந்து ஓங்கி.

மணிக்கட்டில் ஒன்றும் ஆகவில்லை. முழங்கையில் ஒன்றும் ஆகவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தோளால் தட்டினாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு முருகா சொன்னேன்.

கண்ணைத் திறந்தேன். பெட்டி நின்றது.

“பாத்தியே பிள்ளை! உத்தரவு! வா போவம்!”

தாரணி சவலில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினாள். “நோன்... இல்லை அப்பா. போகேலாது.”

எனக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

“உடைஞ்சாத் திரும்புறது எண்டுதானே கதை?”

“ஓம்.”

“உடையேல்லையே!”

“இந்த இடத்திலை உடையேல்லை. மேலை காத்து குவிச்ச இடத்திலை என்ன கிடக்கெண்டு இந்தக் குழிக்குத் தெரியாது. அறிக்கை மூண்டு, புதுப் பனி, காத்து, அந்தச் சரிவின்ரை நிமிர்வு, எல்லாம் வேண்டாம் எண்டுதான் சொல்லுது. குழி வேண்டாமெண்டு சொன்னா நம்பலாம். ஓமெண்டு சொன்னா மட்டும் நம்பேலாது.”

“அப்ப என்ன கோதாரிக்குத் தோண்டினனீ?”

அவள் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தமிழுக்கு வந்தாள்.

“உடையும் எண்டு நினைச்சன். உடைஞ்சா நீங்கள் சொல்வழி கேப்பியள் எண்டு.”

பெற்றவனையே ஏமாற்றப் பார்த்திருக்கிறாள்! முருகன் அவளுக்கும் உடன்படவில்லை. வந்த கோபத்துக்குத் தேங்காயைக் கட்கத்தில் இடுக்கிக்கொண்டு, “நான் போறன். நீ காருக்குப் போ” என்று நடந்தேன்.

பனியில் இன்னும் ஆழப் புதையாமல் நடக்கக் காலில் தட்டைகள் கட்டியிருந்தோம். அவற்றைப் போட்டுக்கொண்டு கோபமாக நடக்க முடியாது. வாத்துப் போலத்தான் நடக்கலாம். வாத்து மரங்களைத் தாண்டி வெளியே வந்தது. பின்னால் பையின் பட்டியை இறுக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். தாரணி என் அடியில் அடி வைத்து வந்துகொண்டிருந்தாள்.

“நீ எங்கை வாறாய்?”

“நீங்கள் புதைஞ்சா ஆர் தோண்டுறது? சிவநேசு மாமாவே?”

“நில்லெண்டு சொல்லுறன்!”

“நிக்கேலாது. ஆம்புலன்ஸ் வர முந்தி மூச்சு முடிஞ்சிடும். பக்கத்திலை நிக்கிற ஆள்தான் தோண்டவேணும். நீங்கள் போங்கோ, நான் கொஞ்சம் தள்ளி வாறன். ரெண்டு பேரும் ஒண்டாப் புதையக்கூடாது.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள், கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறேன் என்பதுபோல. சவலை மட்டும் பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தாள்.

ஒருத்தியைக் கேட்டு வாங்கிவிட்டு, நன்றி சொல்லப் போகும் வழியில் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு போகிறேனே என்று நினைத்தேன். அதற்குப் பிறகு கால் நகரவில்லை.

அந்த நேரம் பார்த்து எங்களைக் கடந்து மூன்று வெள்ளைக்காரர்கள் சறுக்குக் கட்டைகளோடு “போன்ஜூர்!” என்று ஏறிப் போனார்கள். அதே சரிவில் ஒருவர்பின் ஒருவராகப் போய் மேலே நின்று கையை வேறு ஆட்டினார்கள். ஒரு துளிப் பனி அசையவில்லை.

“பார்! போய்ச் சேந்திட்டாங்கள்!”

“தப்பியிருக்கினம் அப்பா. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.”

இப்படிப் பேசுகிற பிள்ளையோடு வாதாடி வெல்ல முடியாது. அந்தச் சரிவு அன்றைக்குச் சரியவில்லை, பிறகும் சரிந்ததாக ஒரு செய்தி வரவில்லை. யார் சரி என்று எனக்குக் கடைசிவரைக்கும் தெரியப்போவதில்லை. எரிச்சல் அடங்காமல் இருப்பது அதனால்தான்.

ஒரு மலை, ஒரு கல் இல்லை

கொண்டு வந்த பாலைத் திருப்பிக் கொண்டுபோக ஏலாது. மரத்தடிக்குத் திரும்பி, அவள் தோண்டிய குழியின் விளிம்பில் பனியைக் கூட்டிச் சின்னதாக ஒரு குவியல் வைத்தேன். விபூதி பூசினேன். வெள்ளையில் வெள்ளை, பூசியதே தெரியவில்லை. சந்தனம் வைத்த பிறகுதான் சாமிக்கு முகம் வந்தது.

கற்பூரம் பற்றவில்லை. தாரணி ஜக்கெற்றை விரித்துக் காற்றை மறைத்துக் குந்தினாள். பற்றியது. பாலை ஊற்ற, ஆவி பறந்து, பனியில் ஒரு துளை விழுந்து பால் உள்ளே இறங்கிப் போனது. யாரோ கீழே இருந்து குடிப்பதுபோல் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளும் கையைக் கூப்பிக்கொண்டுதான் இருந்தாள்.

தேங்காயை ஓங்கி அடித்தேன். புசுக்கென்று பனிக்குள் போய் மறைந்தது.

லா சப்பலில் தேர் வரும் நாளில் தேங்காய் அடிக்க நடுத்தெரு காணும். தார் ரோட்டில் பட்டுச் சிதறி, தேங்காய்த் தண்ணியில் சப்பாத்து வழுக்கும். இங்கே இவ்வளவு பெரிய மலையை வைத்துக்கொண்டு, தேங்காய் உடைக்க ஒரு கல் இல்லை.

தாரணி சவலால் தேங்காயைத் தோண்டி எடுத்தாள். சவலைத் திருப்பி இரும்புபோல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “இதிலை அடியுங்கோ. மெல்ல. உயிர் காக்கிற சாமான்” என்றாள்.

பயந்து பயந்து, கையை ஓங்காமல் ஒரு தட்டுத் தட்டினேன். நேர் பாதியாகப் பிளந்தது.

அவள் இரண்டு பாதியையும் குனிந்து பார்த்தாள். “மணிக்கட்டாலை தட்டினதுக்கே உடைஞ்சிட்டுது அப்பா. திரும்புவம்.”

சிரிக்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.

காருக்குள் வந்த குரல்

காரில் ஏறிச் சூடு போட்டதும் பவளத்துக்கு எடுத்தோம். தொலைபேசி நடுவில் இருந்தது, இருவருக்கும் கேட்டது.

“ஏறினியளோ?”

“பாதி.”

“காணும். நானும் பாதிதானே செத்தனான்.”

“உனக்குப் பகிடி. படம் எடுக்க முந்தி நேர்த்தி முடியவேணும் எண்டிருந்தன். இனி அடுத்த தைப்பூசம் மட்டும் நிக்கவேணும்.”

“ஏனப்பா அடுத்த தைப்பூசம்? கதிர்காமத்தானுக்கு ஆடியிலையெல்லோ திருவிழா? ஆடியிலை அங்கை பனி கிடக்குமே பிள்ளை?”

“இல்லை அம்மா. மாடு மேயும்.”

“மாடு மேயுதாம். ஆடியிலை நானும் வாறன். மெல்ல மெல்ல ஏறுவம். முருகன் உங்களைப் போலை அவதிப்பட்டு அவசரப்படுறவரில்லை. படம் முதலே எடுத்தாலும், கடனுக்கு ஆறு மாதம் பொறுப்பார்.”

எனக்கு வந்த கோபத்தில் மூச்சுப்பட்டுக் கார்க் கண்ணாடியில் புகார் படிந்து மங்கியது. பூவைக் கேட்டு, சிவநேசண்ணையைக் கேட்டு, பனிக்குள் குழியைக் கேட்டு அலைந்திருக்கிறேன். ஒரு வசனத்தில் முடிகிற காரியம்!

“இதை ஏன் நீ முதலே சொல்லேல்லை?”

“நேர்த்தி எனக்காகத்தானே வைச்சனியள்?”

“ஓம்.”

“ஆரும் என்னைக் கேட்டனியளோ?”

தாரணி காரை எடுத்தாள். நான் பாதித் தேங்காயிலிருந்து ஒரு சொட்டைப் பெயர்த்தெடுத்துக் கடித்தேன். குளிரில் பல் கூசியது.